விலையில்லா இயற்பியலும் விலகாத மொழித்தடையும்

ஒரகடத்துத் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து வாலாசாபாத்துக்குத் திரும்பும் இளைஞன், உயர் இயற்பியல் கற்க விரும்பின் இன்று காசு வேண்டுவதில்லை, கைப்பேசி போதும். அமெரிக்க அறிஞர் பெயின்மன் 1961 முதல் 1963 வரை நிகழ்த்திய இயற்பியல் விரிவுரைகளைக் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகம் இணையத்தில் விலையின்றிப் படிக்கத் தந்துள்ளது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய திட்டத்தின்வழிப் பேராசிரியர்தம் பாடங்கள் காணொளிகளாகக் கிடைக்கின்றன.

பணம் என்னும் தாழ் நீங்கிற்று. ஆங்கிலம் என்னும் தாழோ நீங்கவில்லை! சில பாடங்களே தமிழாக்கம் பெற்றுள்ளன. பன்னிரண்டாம் வகுப்புவரை முடுக்கமும் உந்தமும் தமிழில் தெளிந்தவன், அவ்விரிவுரைகளின்முன் மயங்கி நிற்கின்றான். குறை அவன் அறிவிலன்று. ஆங்கிலம் கற்கட்டுமே என்பர். கற்கட்டும், ஆயின், இயற்பியலுக்கு அதுவே நுழைவுக் கட்டணமாகலாமா?

தமிழால் இயலாது என்பார்க்கு விடை முன்னரே உண்டு. 1969 முதல் தமிழகக் கல்லூரிகளின் பட்ட வகுப்புகளில் அறிவியலைத் தமிழில் கற்பிக்க வழிசெய்யப்பட்டது. அதற்கெனத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் இயற்பியல் நூல்களும் வெளியிட்டது. அவற்றுட் பல இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் விலையின்றி உள்ளன. எனினும், அரை நூற்றாண்டுக்குப் பின் விளைந்த அறிவு அவற்றில் இராது.

அந்நூல்களைப் புதுக்குக! அவற்றின் கலைச்சொற்களைக் கொண்டே தமிழறிந்த இயற்பியற் பேராசிரியர்கள் விரிவுரைகளை இணையத்தில் ஏற்றுக! மேடைதோறும் தமிழை வாழ்த்துவதினும், ஒரு பாடத்தைத் தமிழில் விளக்குவதே மொழித்தொண்டு. பொறியை இயக்கும் கை, அதன் இயற்பியலையும் தன் மொழியில் அறியட்டும்!