இறந்தவர்களைச் சுட முடியுமா?



கணனியால் உருவாக்கிய விஞ்ஞானப் படம் என்றால் அது பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த 'பைனல் பன்டசி: த ஸ்பிரிட்ஸ் விதின்' என்ற படத்தை எங்கள் பெண்கள் குழுவில் இறுவட்டில் பார்த்தோம். ஆங்கிலப் படமாகையால் இடையிடையே நான் கதையைத் தமிழில் சொன்னேன்.

யப்பானியரான ஹிரோனோபு சகாகுச்சி இதனை நெறிப்படுத்தினார். ஹவாயின் ஹொனலூலு நகரில் சுமார் 200 பேர் நான்கு ஆண்டுகள் உழைத்தனர். திரையில் தோன்றும் மனிதர் அனைவரும் கணனியில் பிறந்தவர்களே.

கதை 2065இல் நடக்கிறது. விண்கல்லோடு பூமிக்கு வந்த ஆவியுருக்கள் தொட்டாலே மனிதரின் உயிர் பிரிந்துவிடும். தப்பியவர்கள் தடுப்பரண் போட்ட நகரங்களில் வாழ்கின்றனர். மனைவியையும் மகளையும் இழந்த தளபதி ஹெய்ன், விண்வெளிப் பீரங்கியால் அந்த விண்கல்லைத் தகர்க்கத் துடிக்கிறார். ஆக்கி றொஸ் என்ற பெண் விஞ்ஞானியோ தன் கனவுகளின் வழியே வேறோர் உண்மையைக் காண்கிறாள். வந்தவை படையெடுத்த எதிரிகள் அல்ல. தம் கிரகத்தில் மூண்ட போரில் அக்கிரகத்தோடு அழிந்துபோனவர்களின் ஆவிகள். இறந்தவர்களை மீண்டும் எப்படிச் சுடுவது?

இந்தக் கேள்வியே படத்தின் முதல் பலம். இரண்டாவது, கதாநாயகி அலங்காரப் பொம்மை அல்ல. நோயாகப் புகுந்த ஆவியுருவைத் தன் உடலில் சுமந்துகொண்டே ஆராய்ச்சியைத் தொடர்கிறாள். மூன்றாவது, துயரம் பழிவாங்கலாக மாறும் விதத்தைக் காட்டியமை. பீரங்கிக்கு அனுமதி பெறுவதற்காகத் தளபதி தடுப்பரணின் ஒரு பகுதியைத் தளர்த்துகிறார், நகரமே அழிகிறது. தொழில்நுட்பத்திலும் குறை சொல்ல முடியாது. ஆக்கியின் தலையில் மட்டும் சுமார் 60,000 முடிகளைத் தனித்தனியே அசைத்திருக்கிறார்கள்.

பலவீனங்களும் உண்டு. முடி அசைகிறது, ஆனால் கண்களில் உயிர் இல்லை. அழும்போதும் முகம் பொம்மை முகமாகவே இருக்கிறது. பூமியின் ஆன்மா பற்றிய விளக்கங்கள் நீண்டு குழப்புகின்றன. முடிவில் ஆக்கியின் காதலன் தன்னுயிரைக் கொடுத்ததும் ஆவிகள் யாவும் உடனே சாந்தியடைகின்றன. ஆறாத மனம் இவ்வளவு விரைவில் ஆறுமா? அது பொய் என்பதை அனுபவித்தவர்கள் அறிவோம். 137 மில்லியன் டொலர் செலவான இப்படம் திரையரங்குகளில் அத்தொகையை ஈட்டவில்லை. தயாரித்த கலையகமும் பின்னர் மூடப்பட்டது.

படம் முடிந்ததும் தளபதியை எல்லோரும் திட்டினோம். கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு சகோதரி மட்டும் மெதுவாகச் சொன்னார்: "பாவம், அந்தாளை இருத்தி அழவிட ஒருத்தரும் இருக்கேல்லைப் போல."

அறையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, அதுவரை தன் கதையைச் சொல்லாத இன்னொருவர் பேசத் தொடங்கினார். அன்று குழு கலைய இருட்டிவிட்டது.

குறையுள்ள படந்தான். இருந்தும் ஒருமுறை கூடியிருந்து பாருங்கள். முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள்.