மலைக்கு வராத சிக்னல், சேரிக்கு வரும் ஒட்டுக்கேட்பு

2022 ஜூலை மாதத்தை சின்னசேலம் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கனியாமூர் தனியார் பள்ளி மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வன்முறை வெடித்தது. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகத்தான் கூட்டம் திரட்டப்பட்டது என்றது காவல்துறை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். யார் எந்தக் குழுவில் இருந்தார், யார் அட்மின், யார் எதை அனுப்பினார் என்பதெல்லாம் விசாரணைக்கு வந்தது. தலித் இளைஞர்களைக் குறிவைத்துப் பிடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அப்போதே எழுந்தது.

அதே மாதம் 26-ஆம் தேதி டெல்லியில் 5ஜி அலைக்கற்றை ஏலம் தொடங்கியது. ஏழு நாட்களில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. இடையில் 27-ஆம் தேதி, செல்போன் வசதியே எட்டாத 24,680 கிராமங்களுக்கு பி.எஸ்.என்.எல். மூலம் 4ஜி கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. காற்றலை ஏலம் ஒரு செய்தி, கனியாமூர் வேறொரு செய்தி என்றுதான் அன்று படித்தோம். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டிய நேரம் இது.

அலைக்கற்றை என்பது நிலம் போல ஒரு பொதுச் சொத்து. தாழ்ந்த அதிர்வெண், உதாரணமாக 700 மெகாஹெர்ட்ஸ், தூரம் போகும். மேடு பள்ளங்களை ஓரளவு சமாளிக்கும். 3,300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண் வேகம் தரும், ஆனால் தூரம் போகாது. மலைக்குத் தேவை முதல் வகை. அதன் விலையோ மிக அதிகம். 2016-லும் 2021-லும் 700 மெகாஹெர்ட்ஸை ஒருவர்கூட வாங்கவில்லை. 2022-ல் ஒரே ஒரு நிறுவனம்தான் வாங்கியது. கோடிக்கணக்கில் கொட்டி வாங்குகிறவர் போட்ட பணத்தை எங்கே எடுக்கப் பார்ப்பார்? சேலம் நகரத்திலா, கல்வராயன் மலையின் ஒரு பள்ளத்தில் இருக்கும் நாற்பது வீட்டுக் குக்கிராமத்திலா?

2025 ஜூலையில் வெளியான தேசிய தொலைத்தொடர்புக் கொள்கை வரைவு, 2030-க்குள் மக்கள்தொகையில் 90 சதவீதத்துக்கு 5ஜி என்கிறது. நல்லது. மீதிப் பத்து சதவீதத்தில் யார் இருப்பார்கள் என்று அது சொல்லவில்லை. நமக்குச் சொல்லத் தேவையும் இல்லை. 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை இது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் சாலையையும் பள்ளியையும் பற்றிக் கேட்கத் தொடங்கியது.

சிக்னல் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரைக் கேட்கட்டும். ஓடிபி வராமல் போனால் ஓராண்டுப் படிப்பே ஆட்டம் காணும். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் கைப்பேசிச் செயலியில் இரண்டு முறை படம் எடுத்து வருகைப் பதிவு என்றார்கள். படம் ஏறாத நாளின் கூலிக்காக அலைந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

(அலைக்கற்றை என்றதுமே சிலருக்கு ஆ. இராசாவின் பெயர்தான் நினைவுக்கு வரும். 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது உண்மை. 2017 டிசம்பர் 21 அன்று தனி நீதிமன்றம் அவர் உட்பட அனைவரையும் விடுவித்ததும் உண்மை. சிபிஐ மேல்முறையீடு டெல்லி உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. முதல் செய்தியைச் சொன்ன அளவுக்கு இரண்டாவதை எத்தனை பேர் சொன்னார்கள்?)

இனி, பேசுவதை யார் கேட்கலாம் என்ற கேள்வி. 2015 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு மறையாக்கக் கொள்கை வரைவை வெளியிட்டது. அனுப்பிய செய்திகளை 90 நாட்கள் பூட்டில்லாமல் வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே நாளில் திரும்பப் பெற்றது. ஆனால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் அதே எண்ணம் வேறு வழியாக நுழைந்தது: ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று நிறுவனம் காட்ட வேண்டும். இதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னது.

வாட்ஸ்அப்புக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் 'முதலில் அனுப்பியவர்' என்று யார் மாட்டுவார் என்று யோசியுங்கள். முகநூலில் பார்த்த படத்தை எடுத்து ஊர்க் குழுவில் போட்ட காலனிப் பையன்தான், வாட்ஸ்அப் கணக்கில், முதலில் அனுப்பியவன். படத்தைத் தயாரித்தவர் எங்கோ பத்திரமாக இருப்பார்.

சாதி வெறியைப் பரப்புகிறவர்களைப் பிடிக்கவாவது இது உதவாதா என்று நம்மவர்களே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2015-ல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டபோது முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டார். பேசியவர் யார் என்று தமிழ்நாட்டுக்கே தெரிந்திருந்தது. அப்படியும் மூன்று மாதத்துக்கு மேல் கழிந்து அவராகச் சரணடைந்தார். குறைந்தது தொழில்நுட்பம் அல்ல. கடைசியில் 2022-ல் கிடைத்த தண்டனைக்குப் பெரும் துணையாக நின்றது திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமரா.

அதே பூட்டுதான், அடிபட்டவர் காயத்தின் படத்தை வழக்கறிஞருக்கு அனுப்பும்போதும், சாதி மாறி மணம்செய்த பெண் தான் இருக்குமிடத்தைத் தோழிக்குச் சொல்லும்போதும் காவல் நிற்கிறது. ஊர்ப் பெரியவர்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று கிராமத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, செய்தியைப் 'புரியும் வடிவில்' ஒப்படைக்கச் சொல்லி உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. செயலிகளுக்கு இது பொருந்தாது என்றார் அமைச்சர். சட்டத்தில் 'செய்தி' என்பதற்குத் தந்த விளக்கமோ அகன்று கிடக்கிறது. 2024 டிசம்பரில் வந்த ஒட்டுக்கேட்பு விதிகளின்படி, மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் உத்தரவிட வேண்டும். அதைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவில் தலைமைச் செயலாளர் உள்ளிட்ட அதிகாரிகள் மட்டுமே, நீதிபதி கிடையாது. 2011-ல் பிறப்பித்த ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை சென்னை உயர் நீதிமன்றம் தனியுரிமை மீறல் என்று ரத்து செய்தது 2025 ஜூலையில். பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க நம்மில் யாரால் முடியும்?

அந்த விதிகளில் இன்னொன்றும் உண்டு. தொலைதூரப் பகுதிகளில் முன்கூட்டியே அனுமதி பெற முடியாவிட்டால் காவல்துறை ஐ.ஜி. நிலை அதிகாரியே உத்தரவிடலாம். ஏழு வேலை நாட்களுக்குள் ஒப்புதல் பெற்றால் போதும். டவர் கேட்டால் மலை தூரம். ஒட்டுக்கேட்க மட்டும் அந்தத் தூரமே சலுகையாகிறது.

மறுஆய்வுக் குழுவில் நீதிபதி ஒருவர் இடம்பெற வேண்டும். முதலில் அனுப்பியவரைக் காட்டும் விதி நீக்கப்பட வேண்டும். ஏல நிபந்தனைகள் மக்கள்தொகை சதவீதத்தை விட்டு குக்கிராமத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். இவை டெல்லியில் நடக்க வேண்டியவை. மாவட்ட நிர்வாகம் நாளையே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: கல்வராயன் மலையில் எந்தக் குக்கிராமத்துக்கு சிக்னல் இருக்கிறது, எதற்கு இல்லை, எந்த டவர் எப்போது வரும் என்ற பட்டியலை அடுத்த கிராமசபையில் வாசிக்கச் செய்யலாம். படித்த பிள்ளைகள் அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு, தங்கள் ஊர்ப் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.