துணிவும் தாழ்மையும்

தவிர்த்திருக்கக்கூடிய இழப்பை ‘இறைசித்தம்’ எனக் கூறிக் கடந்து செல்வது விசுவாசம் ஆகுமா?

1967 ஜனவரி 27 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில், ஏவுதள ஒத்திகையின்போது அப்பலோ 1 விண்கலத்தினுள் தீ மூண்டது. கஸ் கிரிசம், எட் வைற், றொஜர் சஃபீ ஆகிய மூவரும் உயிரிழந்தனர். கலத்தினுள் தூய ஒட்சிசன் நிறைந்திருந்தது. உட்புறமாகத் திறக்கும் கதவினை, உள்ளழுத்தம் காரணமாகத் திறக்க இயலவில்லை.

அம்மரணங்களைத் தியாகமெனப் போற்றுவதோடு பொறுப்பானவர்கள் நின்றுவிடவில்லை. குறைகளை ஆராய்ந்தனர், வெளிப்புறமாக விரைந்து திறக்கும் கதவினை அமைத்தனர். 1968 ஒக்டோபர் வரை அப்பலோ கலத்தில் எவரையும் அனுப்பவில்லை. அதன் பின்னரே, அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று போமன், லவெல், அன்டர்ஸ் ஆகியோர் சந்திரனைச் சுற்றினர். பூமிக்குத் திரும்ப அவர்கள் நம்பியிருந்தது ஒரேயோர் இயந்திரத்தை. அந்நிலையிலும் தொடக்கநூலின் படைப்பு வரலாற்றை உலகோர் கேட்க வாசித்தனர்.

ஆலய உச்சியிலிருந்து குதிக்குமாறு அலகை தூண்டியபோது இயேசு மறுத்தார். ஆபத்தை எண்ணாது பாய்வது துணிவன்று. ஆயத்தம் செய்து, எஞ்சியதை இறைவனிடம் ஒப்படைப்பதே துணிவு.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்குத் துணிவைக் கற்பியுங்கள். தவற்றை ஏற்றுத் திருத்தும் தாழ்மையையும் உடன் கற்பியுங்கள்.