பாவம் பார்த்து ஓடையில் விடாதீர்கள்
ஆப்பிரிக்கக் கில்லி மீன் முட்டையைக் கூரியரில் வாங்கி வீட்டிலேயே பொரிக்க வைக்கிறீர்கள். நல்லது, நானும் பேரனோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவன்தான். மிஞ்சிய குஞ்சுகளை, “பாவம், பிழைச்சுப் போகட்டும்” என்று ஓடையில் விடுகிறீர்களே, அது என்ன நியாயம்?

மொசாம்பிக், ஜிம்பாப்வே பக்கம் குட்டை வற்றினால் இந்த மீன் செத்துவிடும். முட்டை மட்டும் காய்ந்த சேற்றில் மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். கோடை வந்தால் தானாகச் செத்துவிடும் என்ற கணக்கெல்லாம் இதனிடம் செல்லாது. 1928-இல் கொசுவை ஒழிக்க இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியாவை இன்று யாரால் திரும்பப் பிடிக்க முடிகிறது? கொசுப்புழு தின்ன நம் நாட்டிலேயே கில்லி உண்டே, தலையில் வெள்ளிப்பொட்டோடு!

அறப்பளீஸ்வரர் கோயிலில் ஐயாற்று மீனைக் கும்பிட்ட கைதானே அந்த பிளாஸ்டிக் பையையும் அவிழ்க்கிறது? மிஞ்சினால் என்னிடம் கொண்டுவாருங்கள். தொட்டி காலியாகத்தான் இருக்கிறது.