பாசிக்கு விளக்கா, கப்பலுக்கு பிளக்கா?

டிசம்பரில் மொன்றியலில் பகல் ஒன்பது மணி நேரம்கூடக் கிடையாது. ஆனாலும் துறைமுகம் தூங்குவதில்லை. 1964 முதல் கடுங்குளிரிலும் கப்பல்கள் வந்துபோகின்றன. கரையில் கட்டி நின்றாலும் கப்பலுக்குள் மின்சாரம் வேண்டுமே. அதற்காக டீசல் ஜெனரேட்டர் புகைகிறது. இந்தப் புகையைப் பாசிக்கு ஊட்டிவிட்டால் என்ன? கேட்க நல்லாத்தான் இருக்குது.

கனடாவில் இதைச் செய்தும் பார்த்தார்கள். ஒன்ராறியோவின் செயின்ட் மேரிஸ் சிமெண்ட் ஆலைப் புகையை, விளக்குப் பொருத்திய மூடிய தொட்டிகளில் வளரும் நுண்பாசிக்குக் கொடுத்தது பாண்ட் நிறுவனம். ஆல்பர்ட்டாவின் எண்ணெய்த் தொழிலுக்கும் இதே வழி என்று 2013-ல் தேசிய ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 1 கோடியே 90 இலட்சம் டொலர் திட்டத்தை அறிவித்தது. பிறகு பாண்ட் நிறுவனமே அஸ்டாசாந்தின் என்ற ஊட்டச்சத்துச் சரக்கின் பக்கம் திரும்பியது.

கணக்குப் போட்டால் இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு கிலோ உலர்பாசி வளர ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயுவை உறிஞ்சும். வெயிலே இல்லாமல் முழுக்க எல்இடி வெளிச்சத்தில் அந்த ஒரு கிலோவை வளர்க்க, நல்ல விளக்காக இருந்தாலும் சுமார் 50 யூனிட் மின்சாரம் போகும். அதே 50 யூனிட்டைக் கரையிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கப்பலுக்குக் கொடுத்தால்? ஜெனரேட்டர் நின்றுவிடும், 30 கிலோவுக்கு மேல் கரியமில வாயு பிறக்கவே பிறக்காது. புகையை விட்டுவிட்டுப் பிடிக்க ஓடுவானேன்?

பாசி மேல் நமக்குக் கோபமில்லை. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் ஸ்பைருலினாவைத் திறந்த குளங்களில் வளர்க்கிறது. அங்கே வெயிலுக்கு பில் வராது. மருந்து, சாயம், சத்துணவு என்று கிலோவுக்கு நல்ல விலை போகும் சரக்குக்காக மொன்றியலில் விளக்குத் தொட்டி வைத்தாலும் சரிதான். புகைக்குப் பரிகாரம் என்று சொல்லி அரசுப் பணம் கேட்டால்தான் இடிக்கிறது.

கியூபெக்கின் நீர்மின்சாரம் சுத்தமானது, உண்மை. ஆனால் அள்ள அள்ளக் குறையாதது அல்ல. 5 மெகாவாட்டும் அதற்கு மேலும் கேட்கும் ஆலைகளை அமைச்சர் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று 2023-ல் சட்டமே வந்துவிட்டது. கிராண்ட் கேயில் பயணிகள் கப்பல்களுக்கும், குளிர்காலம் முழுக்கத் தங்கும் கப்பல்களுக்கும் கரை மின்சாரம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த வயர் சரக்குப் பெட்டி முனையங்களுக்குப் போகட்டும்.