ஆறாம் வகுப்பில்தான் முடிவெடுக்க வேண்டும்



என் கணவர் சிவகாசியில் பட்டாசுத் தொழிலாளி. நான் வீட்டில் காகிதக் குழாய் உருட்டுகிறேன். மகனைத் தனியார் பள்ளியில் சேர்த்தோம். தீபாவளிக்குப் பின் ஆலை அடைத்துக் கிடக்கும், கூலி இருக்காது. அந்த நேரம் பார்த்து இரண்டாம் தவணைக் கட்டணம் வந்து நிற்கும். ஆலையில் முன்பணம் வாங்கித்தான் கட்டினோம். அது தீரும்வரை வேறு ஆலைக்கு மாற வழியில்லை. பசை காய்ந்த விரலோடு ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துவேன்.

மகளை இந்த ஆண்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்திருக்கிறேன். அங்கே ஆங்கிலம் பேசிப் பழக இன்னும் வாய்ப்பு வேண்டும், அதை மறைக்கவில்லை. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படிப்பவர்களுக்கு, 2020 முதல் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிப் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். கட்டணம் கட்டி எட்டாம் வகுப்புவரை தனியாரில் படித்துவிட்டு மாறினால் அந்த மருத்துவ ஒதுக்கீடு கிடையாது. மகன் விஷயத்தில் இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பிடி அரிசி சேர்த்து நடத்திய பள்ளியில் காமராசர் படித்த மாவட்டம் இது. கல்வி அதிகாரிகளே, ஐந்தாம் வகுப்பு முடியும் ஏப்ரலில் ஆலை வாசல்களுக்கு வந்து பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். என் கணவர் போன்றவர்கள் மாலையில் வேலை முடிந்து அங்கேதான் பேருந்துக்கு நிற்கிறார்கள்.

ஒரு தாய், திருத்தங்கல்.