ஆறு எட்டுக்கு ஒரு விரிசல்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கான்கிரீட் நெடுஞ்சாலைகள் மேல் தார் போட்டுப் புதுப்பிக்கலாம் என்ற கட்டுரையில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் அடியில் நடக்க வேண்டிய வேலையை அது ஒரே வரியில் தாண்டிவிட்டது. எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் இரண்டு மழைக்காலத்துக்கு முன் அப்படித்தான் தார் போட்டார்கள். இப்போது காலை நடையில் எண்ணிப் பார்க்கிறேன்: ஆறு எட்டுக்கு ஒரு விரிசல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல. கான்கிரீட்டில் சுமார் 4.5 மீட்டருக்கு ஓர் இணைப்பு விட்டிருப்பார்கள். வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும் பலகைகளின் அசைவு, சரியாக அந்த இடத்தில் தாரைக் கிழிக்கிறது. லாரி ஏறினால் பலகை ஆடி, விரிசல் வழியே சேற்றுநீர் பீச்சியடிக்கிறது. (என் வேட்டியே சாட்சி.)

ஆடுகிற பலகைக்கு அடியில் சிமென்ட் கரைசல் செலுத்தி அசையாமல் உட்காரவைத்து, உடைந்ததை மாற்றிய பிறகே தார் போட வேண்டும். போட்ட கையோடு, கீழுள்ள இணைப்புக்கு நேர் மேலே தாரை மெலிதாக அறுத்து, ரப்பர் கலந்த தாரால் அடைத்துவிட்டால் விரிசல் கண்டபடி ஓடாது, தண்ணீரும் இறங்காது. அதற்குப் பழைய இணைப்புகளின் இடம் தெரிய வேண்டுமே! ஓரக்கல்லில் பெயின்டால் அவற்றைக் குறித்த பிறகுதான் ரோலர் இறங்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

தங்கள் நெடுநாள் வாசகர்